டிரைவருக்குப் போட்ட சால்வை

ஐப்பசி, புதன் இரவு.

சிமெண்ட் கம்பெனி மேனேஜருக்குப் போட வேண்டிய சால்வையை இன்று அவருடைய டிரைவருக்குப் போட்டுவிட்டேன். டிரைவர் சட்டைதான் வெளுப்பாக இருந்தது. ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன்.

கம்பெனி எங்கள் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்த விழா. பஞ்சாயத்துத் தலைவர் என்பதால் சால்வை போடும் வேலை எனக்கு. பஞ்சாயத்துக்குக் கட்ட வேண்டிய வரியைக் கட்டாமல் அவர்கள் கோர்ட்டுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. அரியலூர் ரோட்டுக்குப் போகும் பாதையைப் போடப் பஞ்சாயத்தில் காசில்லை. நேற்று மழையில் ஆம்புலன்ஸ் சேற்றில் புதைந்து, பக்கத்துத் தெருப் பெண்ணைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். என் மகளுக்கு இது ஒன்பதாம் மாதம்.

மேனேஜர் என் தோளைத் தட்டிக் கேட்டார். "ஊருக்கு வேற என்னங்க வேணும்? சொல்லுங்க."

மருமகன் அந்தக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். கூட்டத்தில் நின்று என்னையே பார்த்தான்.

"ஒண்ணும் வேணாங்க சார். நல்லா இருக்கோம்."

வீட்டுக்கு வந்தால், "ஏம்ப்பா, டிரைவர மேனேஜராக்கிட்டியாமே!" என்று மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வயிற்றைப் பிடித்ததுமே எனக்கு வேர்த்துவிட்டது. மழை இன்னும் விடவில்லை.

மேனேஜர் கேட்டபோது வாய் வரைக்கும் வந்தது இதுதான்: தொட்டி வேணாம் சார், வரியக் கட்டுங்க, எம் பொண்ணு ஆஸ்பத்திரி போய்ச் சேரணும்.