வந்துட்டேன்

ஜூன் 4

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் கடுதாசி. கடையில் உன் நாற்காலி சும்மா கிடக்கிறது. போன வருஷப் புயலில் லாரியோடு ஆற்றில் போன உன் வீட்டுக்காரருக்கு இன்னும் தட்டு வைக்கிறாயாமே? தெருவே சிரிக்கிறது.

"தகடு இருக்கா, தகடு இருக்கா"ன்னு புயலுக்கு அப்புறம் கடையில் கூட்டம் கத்தப்போவது உன் காதில் முன்னாடியே விழுந்தது. கூரைத் தகடாக வாங்கிக் குவித்தேன், மேலே வந்தேன். இந்த மழைக்கு என்ன வாங்குவதென்று தெரியாமல் முழிக்கிறேன். கிளம்பி வாம்மா.

அண்ணன்


ஜூன் 11

அண்ணாவுக்கு,

வர மாட்டேன். என் காதில் என்றைக்காவது விழப்போகிற சத்தம்தான் எனக்கு முன்னாடியே கேட்கும். உனக்குத் தெரியாததா? அதை வைத்துத்தானே வியாபாரம் பண்ணினாய்.

புயலுக்கு அப்புறம் அவர் குரல் கேட்டது. ஒரு இருமல், பின்னால் லாரி ஹாரன், "கதவத் திற, வந்துட்டேன்." அது இன்னும் நடக்கவில்லை. நடந்தே தீரும். அதனால் தாழ்ப்பாள் போடாமல்தான் படுக்கிறேன்.

தங்கை


ஜூன் 20

தங்கச்சி,

இதோடு என் பழைய போன் வருகிறது. புயலன்று உன் வீட்டுக்காரர் எனக்குக் கடைசியாக அனுப்பிய குரல் பதிவு அதில் இருக்கிறது. அழுத்திக் கேள்.

நம் ஆட்கள் பாதி வழியில் இருக்கும்போதே "வந்துட்டேன்" என்பார்கள். அவரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு நம் கடைக் குடோன் கதவைத் திறக்கச் சொன்னார். இத்தனை நாள் என்னிடம்தான் கிடந்தது. உன் கடுதாசி வந்த பிறகுதான் அதன் உபயோகம் புரிந்தது. கேட்டு முடித்தால் உன் காத்திருப்பும் முடிந்தது. திங்கட்கிழமை வண்டி அனுப்புகிறேன்.

அண்ணன்


ஜூன் 28

அண்ணாவுக்கு,

கேட்டேன். அதே இருமல், அதே ஹாரன். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நீ இதை அனுப்பாமல் இருந்திருந்தால், அந்தக் குரல் என் காதுக்கு வர அவரே வாசலில் வந்து நின்றிருக்க வேண்டும். அந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டாய்.

மழைக்கு என்ன வாங்குவது என்று கேட்டாயே. எதை வேண்டுமானாலும் வாங்கு. நேற்று எனக்கு ஒன்று கேட்டது. கொட்டுகிற மழை. என் வாசலில் உன் குரல். "தங்கச்சி, தண்ணி ஏறுதும்மா. கதவத் திற, வந்துட்டேன்." ரொம்ப நேரம் கூப்பிடுகிறாய். தாழ்ப்பாள் நகரும் சத்தம் மட்டும் கடைசிவரை கேட்கவில்லை.

இன்றிலிருந்து தாழ்ப்பாள் போட்டுத்தான் படுக்கிறேன்.

தங்கை