சினிமாப் பார்க்கில் ஒரு முழம் பூ

என் அம்மாவுக்கு, உன் மதி ஆசையோடு எழுதுவது.

நீ சவுக்கியமா என்று கேட்க வழியில்லை. முதுகு வலி இல்லாமல் இருக்கிறாயா என்று மட்டும் கேட்கிறேன். நாம் இருவரும் ஒரே அறையில் கிடந்த வரைக்கும் கடிதத்துக்கு வேலை இருந்ததில்லை. இப்போது எழுதக் காரணம் அத்தைதான். "பெத்தவளைப் பாத்துக்கிட்டதே மதிக்குப் பாரமா இருந்திருக்கு" என்று அத்தை சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது எப்படியாவது உன் காதுக்கும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நடந்ததை நீ என் வாயால் கேட்க வேண்டும்.

முதலில் வீட்டுச் சேதி. அப்பா குறுவைக்கு நாற்றங்கால் தயார் செய்துவிட்டார். அணை திறந்தாகிவிட்டது, நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. உன் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது விதைநெல் மூட்டை இருக்கிறது. காலையில் எழுந்ததும் என் கால் இன்னமும் அந்தப் பக்கம்தான் போகிறது. போய் மூட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன்.

எனக்கு அசதி தீரவில்லை அம்மா. நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. இனி தூக்கத்தில் என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை. ஆனாலும் உடம்பு பாதி விழித்தே கிடக்கிறது. இதை யாரிடம் சொல்வது? வீட்டில் சும்மா இருப்பவளுக்கு என்ன அசதி என்றுதானே கேட்பார்கள்?

அத்தைதான் போன் பண்ணினார். "அண்ணே, புள்ளை மூஞ்சி செத்துப்போயிக் கெடக்கு. ஒரு வாரம் மெட்ராசுக்கு அனுப்பி வைங்க. சினிமாப் பார்க்கெல்லாம் சுத்திக் காட்டி அனுப்புறேன்."

அத்தை வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய ஸ்டூடியோ இருக்கிறது. மத்தியானத்தில் நீ டிவியில் பார்த்த கறுப்பு வெள்ளைப் படங்களில் பாதி அங்கே எடுத்தவையாம். அதன் பக்கத்திலேயே இப்போது சினிமா செட்டுகள் போட்டு, ராட்டினங்கள் வைத்துப் பார்க் ஆக்கியிருக்கிறார்கள். உனக்காகத்தான் சரி என்றேன். அந்த வளைந்த மாடிப்படி வீடு நிஜமாகவே இருக்கிறதா என்று, பேச்சு குழறிய பிறகும் நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே.

பார்க்குக்குக் கிளம்புகிற காலையில் அத்தை பட்டுப்புடவையை எடுத்து நீட்டினார்.

"ராட்டினத்துல ஏறத்தானே போறோம், பட்டு எதுக்கு அத்தை?"

"போட்டோ எடுப்போம்ல? பேசாம கட்டுடி."

அவரே எனக்குத் தலையும் பின்னிவிட்டார். நீ படுக்கையில் விழுந்ததற்குப் பிறகு என் தலைமுடியில் இன்னொருவர் கை பட்டது அன்றைக்குத்தான். அந்தச் சுகத்தில் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை.

வாசலில் பைகளைச் சோதித்தார்கள். அத்தையின் பையைத் திறந்த காவலாளிப் பையன் வாழைப்பழச் சீப்பை வெளியே எடுத்தான்.

"வெளிச் சாப்பாடு உள்ள அலோ பண்ண மாட்டோம்மா."

"இது திங்கறதுக்கு இல்லப்பா. தாம்பூலம்."

"பழம் இருக்கேம்மா?"

"பழம் இல்லாம எந்த ஊருல தாம்பூலம் குடுக்குறாங்க?"

அவன் மறுபடி கையை விட்டான். வெற்றிலை, பாக்கு, குங்குமச் சிமிழ், வாழையிலையில் சுற்றிய ஒரு முழம் பூ. எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டுச் சிரித்தான். "என்னம்மா, உள்ள கல்யாணமா?"

அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "உன் வாய்க்குச் சக்கரைதான் போடணும். நல்ல வார்த்தை சொன்ன, அப்படியே நடக்கட்டும்!"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்குச் சொல்லாமல் என்னைப் பெண் பார்க்கக் கூட்டி வந்திருக்கிறார். கோயிலுக்கு என்றால் எனக்குச் சந்தேகம் வரும் என்று சினிமாப் பார்க். அந்த மேசைமேல் கிடந்த வெற்றிலையைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பழத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றதை உள்ளே விட்டார்கள்.

"அத்தை, யாரு வர்றாங்க?"

"வந்தா தெரியும். வருஷம் திரும்புறதுக்குள்ள வீட்டுல ஒரு நல்லது நடக்கணும்டி. இல்லாட்டி இன்னும் எத்தனை வருஷம் தள்ளுமோ."

உள்ளே போலி ஜெயில் இருந்தது, போலி கோர்ட்டு இருந்தது. ஒரு ரயில் பெட்டி அசையாமல் நிற்க, ஜன்னலுக்கு வெளியே மரம் வரைந்த துணி ஓடிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் யாரோ அடிக்கடி "ஆக்ஷன்!" என்று கத்தினார்கள். எல்லோரும் எதையாவது பார்த்து வாயைப் பிளந்தார்கள். என் கண்ணில் உட்கார இடம்தான் முதலில் பட்டது.

மாடிப்படி வீட்டைப் பார்த்தேன் அம்மா. அதே வளைவு, அதே கைப்பிடி. மேலே ஏறிப் போனேன். மாடியில் ஒன்றும் இல்லை. நாலு பலகை, கொஞ்சம் புறா எச்சம், அப்புறம் வெயில். படங்களில் கதாநாயகிகள் அழுதுகொண்டே ஓடி ஏறினார்களே, அவர்களெல்லாம் அந்தப் பலகைமேல்தான் நின்றிருப்பார்கள் போல.

இறங்கும்போது கீழே அவர்கள் நின்றார்கள், ஓர் அக்காவும் தம்பியும். பேராவூரணிப் பக்கம், தென்னந்தோப்பு இருக்கிற குடும்பம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி லீவில் வந்து இறங்கியிருந்தார். அவரை ஊருக்கு அழைத்துப் போக அவருடைய அக்கா வந்திருந்தார். தம்பி எனக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கி வந்து, "ராட்டினம்னா பயமா உங்களுக்கு?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். நல்லவராகத்தான் தெரிந்தார்.

அவருடைய அக்காதான் என்னைப் பக்கத்தில் படியில் உட்கார வைத்துக்கொண்டார்.

"படுத்த படுக்கையா கெடந்த எங்க அண்ணிய ஒத்தை ஆளாப் பாத்தா" என்றார் அத்தை. "பள்ளிக்கூடத்தக்கூட விட்டுட்டா. கடைசி வரைக்கும் முதுகுல ஒரு புண்ணு வரலை. அப்படி ஒரு கை இவளுக்கு."

அந்த அக்கா என் கையைப் பார்த்தார். "நெசமாவா? எப்படிம்மா பாத்துக்கிட்ட?"

எனக்கு அந்நியரிடம் பேச வராது, உனக்குத் தெரியும். ஆனால் இதைப் பற்றிக் கேட்டதும் பேச்சு தானாக வந்துவிட்டது. எப்படித் திருப்பிப் படுக்க வைப்பேன், கஞ்சியை எந்தப் பதத்தில் கரைப்பேன், ஈரத் துணியை எப்படி உருவுவேன், எல்லாம் சொன்னேன். உன்னைப் பற்றிப் பேசி எவ்வளவு நாளாயிற்று. அந்த அக்கா கண்கொட்டாமல் கேட்டார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"எங்க அம்மாவும் அப்படித்தான் கெடக்காங்க" என்றார் அவர். "தம்பி திரும்பப் போயிடுவான். நானும் என் புள்ளைங்களை மாமியார்கிட்ட விட்டுட்டு எத்தனை நாளைக்கு அம்மா வீட்டுல கெடக்குறது? நீ வந்துட்டா எனக்குக் கவலையே இல்லை."

ஐஸ்கிரீம் உருகி என் மணிக்கட்டில் வழிந்தது. அத்தை உடனே இலையைப் பிரித்துப் பூவை அவர் கையில் கொடுத்தார். "நல்ல நேரம்தான். நீங்களே வச்சு விடுங்க."

பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு வேண்டாம் என்றால், பூ வைத்து நின்று போனவள் என்பார்கள். அந்த அக்காவின் கை என் பின்னலுக்கு வந்தது. அவருடைய கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்ததைப் பக்கத்தில் பார்த்தேன். அது என் முகம்தான். ஒரு நொடி, பாவம், சரி என்று சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தது.

என் கை தானாகப் போய்ப் பின்னலை மூடிக்கொண்டது.

"வேண்டாங்கக்கா."

"என்னடி வேண்டாம்?" என்றார் அத்தை.

"எனக்கு இன்னும் அசதி போகலை."

"பத்தொம்பது வயசுல என்னடி அசதி? கேக்குறவங்க சிரிக்கப் போறாங்க!"

அந்த அக்கா சிரிக்கவில்லை. பூவை மடியில் வைத்துக்கொண்டார். தம்பி எழுந்து தூரத்தில் போய் நின்றுகொண்டார். "எனக்கும் அசதிதாம்மா" என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. அம்மாவுக்குக் குதிகால்ல செவந்து செவந்து வருது. என்ன பண்றது?" என்றார்.

கெண்டைக்காலுக்குக் கீழே மெத்தென்று துணி மடித்து வைத்து, குதிகால் படுக்கையில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். தோல் கறுத்தால் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். எழுந்து போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஆட்டோவில் ஏறியதுமே அத்தை அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார். சாயங்காலம் அப்பா என்னைப் போனில் கூப்பிட்டார்.

"அத்தை சொன்னா. நீ என்னம்மா சொல்ற?"

"முடியலப்பா."

"சரி. அவகிட்ட நான் பேசிக்கிறேன். நீ சாப்ட்டியா?" என்றார். அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது அத்தை சொல்வதற்கு வருகிறேன். பாரமாகத்தான் இருந்தது அம்மா. இல்லை என்று சொன்னால் நீயே நம்ப மாட்டாய். உன்னைத் தூக்கி உட்கார வைக்கும்போது என் இடுப்பு கடுத்ததை உன் கண் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கனக்கிறது என்பதற்காகக் கீழே வைக்க ஒருநாளும் நினைத்ததில்லை. நீ என் அம்மா என்பதால் செய்தேன். அதை எனக்குத் தெரிந்த தொழிலாக ஆக்கிவிட்டார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் சொல்வது உனக்குப் புரிகிறதா?

கல்யாணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உன் வருஷ திதிக்கு நானே சமைப்பேன். பிறகு தூங்கிப் பழகுவேன். அதற்கு எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். என்றைக்காவது ஒருவருக்கு நான் சம்மதம் சொன்னால், நகையும் பாத்திரமும் இருப்பதற்கு ஏற்ப வைக்கட்டும். உன்னை நான் பார்த்துக்கொண்டதை மட்டும் அந்தச் சீர்வரிசையில் வைக்க விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் ஒரே பெண்,
மதி