உள்ளங்கையில் எலி

பெப்ரவரி 8, சனி

பத்து மணிக்குக் கடையை இவரிடம் விட்டுவிட்டு கோலியர்ஸ் வுட்டில் ரயில் ஏறினேன். லண்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு பப்பின் பின்னறையில் சைடர் என்கிற ஆப்பிள் மதுவுக்கு நடுவர் பயிற்சி. எட்டுப் பேர் வந்திருந்தோம். மற்ற ஏழு பேரும் ரசித்துக் குடிப்பவர்கள். இருபது வருடமாகப் போத்தல் விற்கிறவள் நான் ஒருத்திதான். அதனால் எனக்குப் பயமே இருக்கவில்லை. இருந்திருக்கலாம்.

இன்று பிழைகளைப் படிக்கும் நாள். சொல்லித் தருகிறவர் ஹியூ, ஹெரஃபோர்ட்ஷயரில் பேரிக்காய்த் தோட்டம் வைத்திருந்த மனிதர். பழுதான சைடர் கொஞ்சம்தான் இருந்தது. ஒரே கிளாசில் ஊற்றிக் கை மாற்றிவிட்டார். ஆறு பேரின் வாய் பட்ட எச்சில் கிளாஸ் என்னிடம் வந்தது. நான் யோசிக்கவேயில்லை. கோயிலில் தீர்த்தம் வாங்குவது போல வலது உள்ளங்கையைக் குழித்து, அதில் ஊற்றி, மணந்து, உறிஞ்சினேன்.

"பாஸ்மதி!" என்று சத்தமாகச் சொன்னேன். புது மூட்டையின் வாயைப் பிரித்தால் வருமே, ரம்பை இலை போட்ட சோற்று வாசம், அதேதான். "அருமையாக இருக்கிறது, பத்துக்கு ஒன்பது போடலாம்."

ஹியூ மெதுவாகச் சொன்னார்: "இதை நாங்கள் எலி என்போம். எலிக்கூட்டு நாற்றம். இருக்கிற பிழைகளில் ஆக மோசமானது இதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பதறிப்போய், கையில் மிஞ்சிய ஈரத்தை வழக்கப்படி தலையில் தடவிவிட்டேன். அதோடு அந்த அறை அடங்கவேயில்லை.

ரயிலில் பக்கத்துச் சீட்டுக்காரர் எழும்பிப் போய் வேறிடத்தில் இருந்தார்.

பெப்ரவரி 10, திங்கள்

பக்கத்துத் தெரு யதுசனின் தாய் கடைக்குப் பாண் வாங்க வந்தபோது இவரிடம் கேட்டாவாம், "வதனாக்கா இப்ப குடிச்சுப் பழகிறாவாம், உண்மையோ?" என்று.

நான் விழுங்குவதில்லை. வாயில் வைத்துப் பார்த்துவிட்டு வாளியில் துப்புகிறேன். நான்கு பேர் பார்க்க வாளியில் துப்பப் பழகுவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இவரோ சாமிப் படத்துக்குத் திரி போட்டபடி, "இஞ்சேரும், உமக்கேன் இந்த வேலை? ஊர்ச் சனம் என்ன கதைக்கும்?" என்கிறார். ஊர்ச் சனம்! எங்கள் கடையில் வாங்கிக் குடிக்கிற சனம்தானே? விற்கலாம், சுவை தெரிந்து விற்கக் கூடாதோ? என்ன நியாயமப்பா இது!

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். மார்ச் 29 போட்டியில் நான் பயிற்சி நடுவராக இருக்கிறேன். அன்று அவர்கள் என்னை முழு நடுவராக எடுத்தால் இவர் இனி வாய் திறக்க மாட்டார். எடுக்காவிட்டால் நான் விட்டுவிட வேண்டும்.

எடுப்பார்கள். என் நாக்கை எனக்குத் தெரியும்.

பெப்ரவரி 22, சனி

எலியைப் பற்றி ஹியூவைத் துளைத்து எடுத்துவிட்டேன். அது கிளாசில் மணக்காதாம். வாயில் வைத்த உடனேயும் தெரியாதாம். உமிழ்நீரோடு கலந்து, அரை நிமிடம் கழித்துத்தான் மேலே வருமாம். பலருக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியவே தெரியாது. "எனக்கும் தெரியாது," என்று ஒத்துக்கொண்டார். "மேசையில் மற்றவர்களைக் கேட்டுத்தான் எழுதுவேன்."

அந்தப் பழுதான சைடரில் ஒரு சின்னப் போத்தல் கேட்டு வாங்கி வந்தேன். குசினியில் சோதித்தேன். கிளாசில் ஒன்றுமில்லை. வாயில் நாற்பது எண்ணிய பிறகு மெல்ல வந்தது. உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தால் பத்து எண்ணுவதற்குள் முழு மூட்டையும் மூக்கில்!

சிரித்தீர்களே, ராசாக்களே.

மார்ச் 9, ஞாயிறு

இன்று பெரி மட்டும், பேரிக்காய்ச் சாற்றைப் புளிக்கவிட்டுச் செய்வது. அந்தக் காயை அப்படியே கடித்தால் கயர் நாக்கைச் சுருட்டிவிடும். அவர்கள் அதற்கு ஆங்கிலத்தில் வரி வரியாக எழுதினார்கள். நான் தமிழில் 'கயர்' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

மார்ச் 29, சனி

இன்று நடந்ததை ஒன்றும் விடாமல் ஒழுங்காக எழுத வேண்டும்.

பெரி மேசைக்கு ஹியூ தலைவர். ஹவுன்ஸ்லோவிலிருந்து வரும் பிரீத்தா இரண்டாவது நடுவர், சென்னைப் பிள்ளை, எலி தெரிந்த நாக்கு. மூன்றாவதாக நான், 'பயிற்சி' என்று எழுதிய அட்டையோடு. பெயரில்லாத ஒன்பது போத்தல்கள், இலக்கம் மட்டும்.

ஆறாம் இலக்கம் அழகு. பொன் நிறம், மென்மையான கயர், பூ வாசம். ஹியூ கண்ணை மூடிக்கொண்டு, "தங்கம்," என்றார். பிரீத்தாவும் துப்பிவிட்டுத் தலையாட்டினாள். நானும் ஓம் என்றே சொல்லியிருப்பேன். ஏனோ கொஞ்சத்தைக் கையில் ஊற்றினேன்.

பாஸ்மதி.

சொல்வதா, விடுவதா? நான் சொல்வது பிழையென்றால் ஒப்பந்தப்படி இன்றோடு முடிந்தது. ஒரு முறை சிரித்தவர்கள் இன்னொரு முறை சிரிக்க மாட்டார்களா? ஆனால் மணந்ததை மணக்கவில்லை என்று எழுத எனக்கு ஏலாது.

"ஆறாம் இலக்கத்தில் எலி," என்றேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே அக்கா," என்றாள் பிரீத்தா. "நல்லாத்தானே இருக்கு?"

"நீங்கள் கெதியாத் துப்பிப் போட்டியள். கையை நீட்டுங்கோ பிள்ளை."

ஊற்றினேன். தேய்த்து மணந்தாள். முகம் மாறியது. "ஐயோ, ஆமா!"

ஹியூ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரே தன் பெரிய வலது கையை என் முன்னால் நீட்டினார். ஊற்றினேன். மணந்தார். திரும்ப மணந்தார்.

"இதுதானா அது?" என்றார். "அறுபத்து நான்கு வயதில் முதல் தடவை. நான் எத்தனை பேருக்குத் தங்கம் கொடுத்திருப்பேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வென்றதற்கு அல்ல. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து.

மார்ச் 30, ஞாயிறு

இலக்கங்களுக்குரிய பெயர்கள் மின்னஞ்சலில் வந்தன. ஆறாம் இலக்கம், எங்கள் கடை யன்னலில் நான் அடுக்கி வைத்து, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் புகழ்கிற அதே பெரி.

பெருமை எல்லாம் ஒரே நாளில் இறங்கியது. பத்துத் தடவையாவது கிளாசில் சுவைத்திருக்கிறேன். ஒரு தடவைகூடக் கையில் ஊற்றிப் பார்க்கவில்லையே.

யன்னலில் இருந்து இறக்கத் தொடங்கினேன். "ஏன் இறக்கிறீர்?" என்றார் இவர். ஒரு போத்தலைத் திறந்து இவர் கையில் ஊற்றினேன். குடிக்காத மனிதர், முகத்தைச் சுளித்துக்கொண்டு மணந்தார்.

"இது எங்கடை பின்னறையிலை கிடக்கிற அரிசிச் சாக்கெல்லோ! எலி ஓடினது!"

நான் ஒரு சொல்லும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தச் சாக்குகளை இவர்தானே தூக்குகிறார்.

மிச்சப் போத்தல்களை இவரே இறக்கினார். நான் அந்தப் பெரியைத் தயாரித்தவருக்குத் தொலைபேசி எடுத்து உள்ளதைச் சொன்னேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. காலைத் தபாலில் புது அட்டை வந்தது, 'பயிற்சி' என்ற சொல் இல்லாமல். கூடவே ஹியூவின் கையெழுத்தில் ஒரு துண்டு: இனி எல்லா மேசையிலும் தீர்ப்பு எழுதுவதற்கு முன் உள்ளங்கையில் ஊற்றி மணக்க வேண்டுமாம். மேசைத் தலைவர்கள் முதலில்.

இவர் வாசித்துவிட்டு அட்டையைச் சாமிப் படத்தடியில் வைத்தார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

மத்தியானம் கோயிலுக்குப் போனோம். சரியான சனம். எங்களுக்கு முன்னால் யதுசனின் தாய். ஐயர் தீர்த்தம் தந்தார். பழக்க தோஷம், கை வாய்க்குப் போகாமல் நேரே மூக்கடிக்குப் போய்விட்டது. இவர் கண்டால் முறைப்பாரே என்று திரும்பிப் பார்த்தேன்.

இவரும் உள்ளங்கையை மணந்துகொண்டு நின்றார்.

"துளசி, கற்பூரம்," என்றார் மெதுவாக. "பிழையில்லை. குடியும்."