பம்புக்குள் செருப்புத் துண்டு

றமீஸ் வலை பார்க்கக் கடற்கரைக்குப் போயிருந்தான். அவன் மனைவி நுஸ்ஹா கலண்டர் தாளொன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினாள்.

"மகள்ட வாப்பாக்கு, நான் மருதமுனைக்குத் தங்கச்சிட ஊட்ட போறன். சோறும் மீனாணமும் மூடி வெச்சிருக்கன். வெளிய போகக்குள்ள ஊட்டப் பூட்டி, திறப்பப் பக்கத்து ஊட்டுல குடுங்க."

நிமிர்ந்து மேசையைப் பார்த்தாள். படகுக்குள் சேரும் தண்ணீரை இறைக்கும் பழைய பம்ப் அங்கே கிடந்தது. றமீஸ் நேற்றும் அதைக் கழற்றிப் பூட்டி, "இன்னும் ஒரு வருசம் இழுக்கும்" என்றிருந்தான். போன முறை அது நடுக்கடலில் நின்றுபோய், படகிலிருந்த நாலு பேரும் சோற்றுப் பானையால் தண்ணீர் அள்ளி அள்ளிக் கரை சேர்ந்த கதையைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. பாண்டிருப்பு மெக்கானிக் கிருஷாந்தன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

"அஸர் தொழுகைக்குப் பிறகு கிருஷாந்தன் புதுப் பம்ப் கொண்டு வருவார். நான்தான் வரச் சொன்னன். அவரோட சண்டை பிடிக்காதீங்க. நுஸ்ஹா."

பேனையை மூடியவள், திரும்பவும் திறந்து, தாளின் அடியில் நுணுக்கி எழுதினாள்.

"பழசப் பூட்டிக்கிட்டு நாளைக்குக் கடலுக்குப் போகலாமெண்டு நினைக்காதீங்க. என்ட செருப்ப வெட்டி அதுக்குள்ள தண்ணி ஒழுகாம வாசரா வெச்சிருந்தீங்களே, அந்தத் துண்டக் கழட்டி எடுத்துக்கிட்டன்."

இன்னும் ஒரு விரல் இடம் மிச்சமிருந்தது.

"மத்தச் செருப்பத் தேடாதீங்க. அதையும் கொண்டுதான் போறன்."