அம்மீன்தான் முதலில்

அன்புள்ள அத்தாவுக்கு, ஷாஹீதாவின் ஸலாம். மூட்டுவலி குறைந்ததா?

அன்று போனில் இதைச் சொல்லவில்லை. நான் பாடம் எடுக்கும் டியூஷன் சென்டரில், வேதியியலில் அணைவுச் சேர்மங்களுக்குப் பெயரிடும் பரீட்சை. முதலாளி சாரின் விடைக்குறிப்பில் டைகுளோரிடோ முன்னால் இருந்ததால், டெட்ராஅம்மீனை முதலில் எழுதிய பாண்டிமீனாவுக்கு மதிப்பெண் போய்விட்டது. டை, டெட்ரா எல்லாம் வெறும் எண்ணிக்கை, அகரவரிசைக்குச் சேராது, குளோரிடோவின் C-க்கு முன்னால் அம்மீனின் A, அவள் எழுதியதே சரி என்று வகுப்பிலேயே சொன்னேன்.

"எம்புட்டு வருசமா பாடம் எடுக்கேன், எனக்கே கிளாஸாம்மா?" என்றார் சார். பிள்ளைகள் சிரித்தார்கள், பாண்டிமீனாவும்தான்.

திருவாரூர் பஸ்ஸில் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். மாட்டுத்தாவணியில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே புதிது கிடைக்கும், ஆனால் எனக்கு அந்தப் பழையதுதான் வேண்டும்.

வேலைக்கு நேரமாகிறது. விடைக்குறிப்பைத் திருத்திவிட்டார்கள். என்னை வகுப்பிலிருந்து எடுத்து ரிசப்ஷனில் போட்டுவிட்டார்கள்.

ஷாஹீதா