சுருவில் கலியாணத்துக்கு நீ கொடுத்த பரிசு

கரம்பொன்,
ஆவணி 25.

பிள்ளை நிலாந்தினி,

நீயும் பிரதாபனும் லண்டன் குளிரில் தடிமன் பிடிக்காமல் சுகமாக இருக்க நயினை அம்மாளை வேண்டிக்கொண்டு அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்களும் சுகம். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் ஏறி இறங்குகிறது, கிணறு இந்த வருடம் முன்னதாகவே உவர்த்துவிட்டது, மற்றபடி குறையில்லை. போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் பேசத் தொடங்கினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமைக்கிறாய், பக்கத்தில் பிரதாபன் நிற்கிறார், நான் அனுப்பும் குரல் பதிவுகளை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக நீயே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னாய். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது. தனியே இருந்து வாசி.

சித்திரையில் நீ கேட்டாய், அம்மா, கேக் வேலைக்கு எந்த மெசின் வாங்கி அனுப்ப என்று. நான் எழுந்தமானமாகப் பதில் சொல்லவில்லை. யாழ்ப்பாணம் போய் இரண்டு கடைகளில் இரண்டு விதமான மெசினையும் தொட்டுப் பார்த்து, ஓடவிடச் சொல்லிக் கேட்டு, வந்துதான் உனக்கு எழுதினேன். ஒன்று பீற்றர், கிண்ணத்துக்கு மேலே கம்பிக் கூடு தொங்கிச் சுற்றும். மற்றது புட் புரொசெசர், அடியில் கத்தி சுற்றும், வெங்காயம் நறுக்கும், கரட் துருவும், தேங்காய் அரைக்கும். எல்லாம் செய்யும், ஆனால் பட்டரும் சீனியும் வெளுத்துப் பொங்குகிற அளவுக்குக் காற்றை உள்ளே ஏற்றாது, அதற்கு வெட்டத்தான் தெரியும். அப்படிப் பொங்கவைக்கத்தான் ஒவ்வொரு கேக்குக்கும் முக்கால் மணித்தியாலம் என் வலது தோள் உழைக்கிறது. ஆகவே பீற்றர் போதும் என்று படத்தோடு அனுப்பினேன், நீயும் பெருவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினாய். அந்தப் பெருவிரலை நம்பித்தான் சுருவில் ஊர் நல்லம்மாவின் மகள் கம்சிகாவின் கலியாணத்துக்கு நானூறு துண்டு றிச் கேக் செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். பிரதாபனின் பெரியம்மா வீட்டுக் காரியம், உனக்கும் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஆடி பிறந்த கிழமை கொழும்புக் கடையிலிருந்து கூரியரில் பெட்டி வந்தது. பிரித்தால் புட் புரொசெசர். அப்பா கத்தியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன நாகபூசணி, வெங்காயத்துக்கு ஹெலிகொப்டர் அனுப்பியிருக்கிறாளோ எண்டார். நான் சிரிக்கவில்லை. பாவம் பிள்ளை, வேலைக் களைப்பில் மாறி வாங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன், நீ மனம் நோகக்கூடாதென்று நல்ல சாமான் என்று போனில் சொன்னேன். அது பொய். நீ அனுப்பியதென்பதால் அதிலேயே அடித்துப் பார்த்தேன். கத்தியின் சூட்டில் பட்டர் உருகி எண்ணெயாகிவிட்டது, கேக் எழும்பாமல் பலகையாகக் கிடந்தது. அப்பா அதையும் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கு, வாசல் படலைக்கு முட்டுக் குடுக்க ஒரு கல்லுத் தேடினனான் எண்டார். அடுத்த நாள் கஜுப் பருப்பைப் போட்டேன், கண்மூடித் திறக்கமுன் மாவாகி, பிறகு களியாகிவிட்டது. றிச் கேக்கில் கஜு பல்லில் படவேண்டும், அது உனக்குத் தெரியும், சின்ன வயதில் என்னோடு இருந்து வெட்டியவள் நீ. கடைசியில் கத்தியும் பலகையும் எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் இருந்து பிளம்ஸ், பேரீச்சம்பழம், இஞ்சிப்பாகு, பூசணி அல்வா எல்லாம் கையால் வெட்டி ஊறப்போட்டோம்.

கலியாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்க நல்லம்மா கிறிஸ்ரியின் ஓட்டோவில் வந்து இறங்கினா. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கதிரையில் இருந்து வெயிலைப் பற்றி, மாப்பிள்ளை வீட்டைப் பற்றியெல்லாம் கதைத்துவிட்டு, குறை நினையாதேங்கோ நாகபூசணி, கேக்கை யாழ்ப்பாணத்திலை ஒரு கடைக்குக் குடுத்திட்டம் எண்டா. ஏன் என்று கேட்டேன். உங்கட மோள்தான் சொன்னவ, அம்மாவுக்குத் தோள் ஏலாது, நாங்கள் காசு அனுப்புறம்தானே, பிறகேன் ஊராருக்குக் கேக் அடிச்சு விக்கிறா, பிரதாபன்ர ஆக்களுக்கு முன்னாலை எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு எண்டு, பீற்றரை வாங்கிக் குடுத்தா அம்மா உந்தக் கேக் வேலையை நிப்பாட்டவே மாட்டா எண்டுதானாம் யோசிச்சு மற்ற மெசினை அனுப்பினது, உங்களிலை எவ்வளவு கரிசனை பாருங்கோ எண்டா. என்னைக் குத்துவதற்காக அவ சொல்லவில்லை, உன்னைப் புகழ்ந்துதான் சொன்னா. நான் ஓம் எண்டு சொல்லித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குசினியில் ஊறின பழத்தின் வாசம் வீடு முழுக்க நின்றது, அவவுக்கும் மணந்திருக்கும். போகும்போது கிறிஸ்ரி மட்டும் பின்தங்கி நின்று, அக்கா, அந்தக் கடைக் கேக்கை நான்தான் ஏத்தவேணுமாம், அல்லைப்பிட்டி றோட்டுப் பள்ளத்திலை ஓட்டோவை ஒருக்கா விடட்டோ எண்டான். வேண்டாம், கேக் என்ன பாவம் செய்தது எண்டேன்.

பிள்ளை, தோள் நோகிறது உண்மை. நோகிறபடியால்தான் பீற்றர் கேட்டேன். நிறுத்தச் சொல்ல உனக்கு விருப்பமென்றால் என்னிடம் சொல்லியிருக்கலாம், நான் சண்டை பிடித்திருப்பேன், அது தாய்க்கும் மகளுக்கும் நடுவில் முடிந்திருக்கும். நீ பெட்டிக்குள் வைத்து அனுப்பினாய், விளக்கத்தை நல்லம்மாவிடம் கொடுத்தாய். நீ வாரா வாரம் யாழ்ப்பாணத்துக்கு ஆங்கில வகுப்புக்குப் பஸ் ஏறியது இந்தக் கேக் காசில்தான், அப்போது அதில் வெட்கம் இருக்கவில்லை. பதினெட்டு வயதில் உன்னைப் பெற்றேன், இப்போது நாற்பத்து நான்கு. இந்த வயதுவரை நான் இன்னாரின் மகள், இன்னாரின் பெண்சாதி, உன்னுடைய அம்மா. என் சொந்தப் பெயரை அச்சடித்து ஒட்டி இந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போன முதல் சாமான் அந்தக் கேக் பெட்டிதான். என்னைக் கதிரையில் இருத்திவிட்டுப் பார்க்க உனக்கு இன்னும் நிறையக் காலம் இருக்கிறது, அவசரப்படாதே.

ஊறின பழத்தை எறிய மனம் வரவில்லை. நாலு தடவையாகக் கையால் அடித்து, சின்ன ஓவனில் வைத்து எடுத்து, வெட்டிச் சுற்றி லேபல் ஒட்டினேன். கிறிஸ்ரி தன்னுடைய மாதா கோயில் திருநாளில் விற்கக் கொண்டுபோனான், இரண்டு நாளில் வெறும் பெட்டிதான் திரும்பி வந்தது. அந்தக் காசோடு நான் சேர்த்து வைத்திருந்ததையும் போட்டு, யாழ்ப்பாணத்தில் முதல் பார்த்த அதே பீற்றரை வாங்கிவிட்டேன். குசினியில் நிற்கிறது. முதல் கேக் எழும்பின உயரத்தைப் பார்த்து அப்பா, இனிப் படலைக்கு வேற கல்லுத்தான் தேடவேணும் எண்டார், அன்றைக்குத்தான் சிரித்தேன். உன்னுடைய மெசினைக் கழுவித் துடைத்துக் காயவிட்டு, வந்த பெட்டியிலேயே திரும்ப அடுக்கி, சரிகைத் தாள் சுற்றி, அன்புடன் நிலாந்தினி பிரதாபன் என்று எழுதி, போன புதன்கிழமை கலியாண வீட்டில் கம்சிகாவின் கையில் கொடுத்தேன். தாள் பிரித்ததும் அது எந்த மெசின் என்று நல்லம்மாவுக்கு விளங்கியிருக்கும். விளங்கட்டும். எங்களுக்கும் ஒரு துண்டு கடைக் கேக் பெட்டியில் தந்தார்கள், வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன், கஜு மாவாகக் கிடந்தது.

நல்லாய் இருங்கள் பிள்ளை, அம்மாளாச்சி உங்கள் இரண்டு பேருக்கும் துணை நிற்பா, வருகிற வருடத்துக்குள் மடியில் ஒரு குழந்தையையும் தருவா. குளிருக்குத் தலையை மூடு. ஒன்றை மறவாதே, இது வந்து சேர முன்னரே கம்சிகா நன்றி சொல்லப் போன் எடுத்திருப்பாள், எதற்கென்று விளங்காமல் நீ திகைத்திருப்பாய். அப்படி ஏதும் மறுத்துச் சொல்லியிருந்தால் திரும்ப எடுத்துக் கதை. அது நீ நன்றாக யோசித்து வாங்கிய சாமான்தான் என்று சொல். உண்மைதானே.

உன் அம்மா,
நாகபூசணி