காலி இடத்துச் சீட்டு

ஜூலை 11, 2006

முத்து இன்று ஏழு முறை செத்தது.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். முத்து என்பது எங்கள் கம்பெனி பிரவுசர். முதலாளி சுயம்பு அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர், அதனால் அந்தப் பெயர். வெளிநாட்டில் யாரோ இலவசமாகக் கொடுத்த பிரவுசரின் உள்பாகத்தை எடுத்து, துறைமுகத்துக் கஸ்டம்ஸ் ஏஜென்டுகளுக்கு ஏற்ற மாதிரி அதன்மேல் எங்கள் புரோகிராமர் ஜெபசிங் சார் கட்டியது. ஆயுத பூஜைக்கு முந்நூறு ஆபீஸில் போடப்போகிறோம். அதற்குள் அதை எப்படியெல்லாம் உடைக்கலாம் என்று பார்ப்பது என் வேலை.

ஆறு சாவுக்குக் காரணம் தெரியும். ஏழாவதுதான் புரியவில்லை. ஒரு வெப் பக்கத்தில் ஒரு பட்டன். அழுத்தினால் அந்தப் பக்கத்தின் ஸ்கிரிப்ட் பட்டனையே அழித்துவிடுகிறது. உடனே முத்து காலி. சாதாரணத் தப்பு என்றால் ஒரே இடத்தில்தான் சாகும். இது ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் சாகிறது.

ஜூலை 13

ஜெபசிங் சாரிடம் சொன்னேன். "நின்னுபோச்சுன்னா திரும்பத் தொறந்துக்கிடுவாங்க, ரமா. லிஸ்ட்ல கடைசில போடு." போட்டேன். எண் 212.

ஜூலை 14

212 மனசை விட்டுப் போகவில்லை.

ஜூலை 22

சனிக்கிழமை, அரை நாள். அண்ணன் எழிலனும் காலை ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் எர்ணாவூர் கன்டெய்னர் யார்டில் கிளார்க். எந்தப் பெட்டி எந்த இடத்தில் என்று சீட்டு எழுதுகிறவன். வந்ததிலிருந்து ஒரே திட்டு. ஒரு கன்டெய்னரை வெளியே அனுப்பி, அந்த இடத்தில் வேறொருவர் பெட்டியை இறக்கியிருக்கிறார்கள். பழைய சீட்டைத் திரும்ப வாங்க மறந்துவிட்டார்கள். கிரேன்காரர் அதை வைத்துக்கொண்டு போய், புதுப் பெட்டியைத் தூக்கி லாரியில் வைத்துவிட்டார். கேட் வரைக்கும் போய்விட்டதாம்.

"பொட்டி மேல இன்னா நம்பர் கீதுன்னு பாக்க வேணாவா? சீட்டுல எடம் போட்டுகீது, போய் தூக்கிகினு வந்துட்டேன்றான்."

சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதுதான் 212. பட்டன் அழிந்ததும் மெமரியில் அதன் இடம் காலியாகிறது. ஆனால் அழுத்தலைக் கவனிக்கிற பகுதி இன்னும் பழைய முகவரியைக் கையில் வைத்திருக்கிறது. அங்கே இப்போது என்ன இருந்தாலும் பட்டன் என்றே நம்பி, அதில் எழுதியிருக்கிறபடி நடக்கும்.

அப்படியென்றால் அந்தக் காலி இடத்தில் எதை வைப்பது என்று யார் முடிவு செய்வது? பக்கத்தை எழுதியவனேவா?

"இன்னா ரமா, சாப்புடு" என்றான். சாப்பாடு ஆறிப்போச்சு.

ஜூலை 31

முத்துவைச் சாகடிக்கிற அந்த நானூறு வரிப் பக்கத்தைப் பதினொரு வரியாகக் குறைத்துவிட்டேன். பட்டன் அழிந்த கையோடு, அதே அளவில் ஆயிரக்கணக்கான சொற்களை அந்தப் பக்கமே உருவாக்கும்படி எழுதினேன். எல்லாச் சொல்லிலும் ஒரே எழுத்து. முத்து செத்தது. கடைசியாக அது எந்த முகவரிக்குப் போகப் பார்த்தது என்று எடுத்தேன்.

நான் எழுதின எழுத்து. வரிசையாக நிற்கிறது.

அதாவது, முத்து அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஒரு வெப் பக்கத்தால் சொல்ல முடியும். ஏஜென்டுகளின் டிஜிட்டல் கையெழுத்து, பாஸ்வேர்டு எல்லாம் அந்த மெஷினில்தான் இருக்கும். முந்நூறு ஆபீஸ். பயமாயிருக்கிறது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கிறது, அது தப்போ என்னவோ.

ஆகஸ்ட் 2

மீட்டிங். அண்ணாச்சி கேட்டார்: "ஏம்மா, இது வழியா இதுவரைக்கும் எவனும் திருடுனானா? இல்லல்லா? பொறவென்ன?" ஜெபசிங் சார் சிரித்துக்கொண்டே, "டெஸ்டருங்களுக்குக் கோடிங் புரியாது அண்ணாச்சி, பயந்துக்கிடுவாங்க" என்றார்.

கோடிங் பிரியாதாம். எனக்கு. எம்.சி.ஏ. படிச்சிட்டு இவரு கட்டுன பட்டனை அமுக்கிகினு இருக்கத்தான் வந்தேனா? வீடு வியாசர்பாடின்னு சொன்ன நாள்லேர்ந்து அவரு பார்வையே வேற. இல்ல, நானா நெனச்சிக்கிறேனா? — இல்ல. பார்வைதான்.

பேசாமல் எழுந்து வந்திருப்பேன். "ஒரு வாரம் குடுங்க அண்ணாச்சி, உங்க மெஷின்லயே காட்டறேன்" என்று எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கொடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 5

வரவில்லை.

ஆகஸ்ட் 7

வரவில்லை. பத்துக்கு ஒரு முறைதான் முத்து நான் சொன்னதைச் செய்கிறது. பத்துக்குப் பத்தும் வர வேண்டும்.

ஆகஸ்ட் 9

அண்ணாச்சியின் மெஷின். அண்ணாச்சியின் கை. வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு பட்டன். அழுத்தினார். முத்து ஒரு நொடி நின்றது. பிறகு, திரையில் கால்குலேட்டர் திறந்தது.

"நான் இதைத் தொடவே இல்லையே" என்றார்.

"அந்தப் பக்கம் தொறந்துச்சு அண்ணாச்சி. கால்குலேட்டருக்குப் பதிலா எதை வேணா தொறக்கலாம். ஏதோ ஒரு ஊர்ல உக்காந்துகினு."

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஜெபசிங் சார் என் பதினொரு வரியையும் படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். "உள்பாகம் வெளியேர்ந்து வந்ததுன்னு நான் தொறந்தே பாக்கல. எனக்குத்தான் புரியல, ரமா" என்றார். அண்ணாச்சி எதிரிலேயே சொன்னார். அந்த மனுஷனை இனி திட்ட முடியாது.

அண்ணாச்சி காலண்டரைப் பார்த்தார். "ஆயுத பூஜை போவட்டும். பொங்கல் கழிச்சுப் பாப்போம்."

ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்து சீட்டு அம்மா என்னையே பார்த்தாள்.

ஆகஸ்ட் 21

திருத்தம் மொத்தம் மூன்று வரி. அழுத்தலைக் கவனித்து முடிக்கும்வரை பட்டனின் இடத்தைக் கைவிடாதே, அவ்வளவுதான். உள்பாகம் கொடுத்த அந்த வெளிநாட்டு ஆட்களுக்கு, ஓட்டைகளைச் சொல்லவென்றே அவர்கள் வைத்திருக்கும் ரகசிய மெயிலில் அனுப்பினோம். எல்லோருக்கும் திருத்தம் போய்ச் சேரும்வரை வெளியே பேச வேண்டாம் என்று பதில் வந்தது. எழிலனிடம் மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 12

அதே மாதிரி இன்னும் நான்கு கண்டுபிடித்திருக்கிறேன். ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போனால் எப்போது முடியும்?

எழிலனிடம் கேட்டேன், யார்டில் ஆசிட் பெட்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று. "அதுக்குத் தனி பிளாக்கு, வேலி போட்டுகீது. அங்க காலியா கெடந்தாலும் வேற சரக்கை எறக்க மாட்டோம். இங்க எடமில்லன்னாலும் அதை இங்க கொண்டார மாட்டோம்."

வெப் பக்கத்திலிருந்து வருகிற சொற்களுக்கு மெமரியில் தனி இடம். முத்துவின் சொந்தப் பொருள்களுக்குத் தனி இடம். ஒன்று காலி செய்த இடத்தில் மற்றது எந்நாளும் உட்காரக் கூடாது. கூடவே, காலியான இடத்தையெல்லாம் எங்கேயும் போகாத ஒரு எண்ணால் நிரப்பிவிட வேண்டும். பழைய முகவரியோடு யார் வந்தாலும் அந்த எண்ணில் முட்டிக்கொண்டு நிற்கட்டும். எனக்குத் தெரியாத ஓட்டைக்கும் இது உதவும். உதவ வேண்டும்.

அக்டோபர் 18

ஜெபசிங் சாரும் நானும் ஒரே மெஷினில். தனி இடம் பிரித்ததும் முத்து முதலில் ஒன்பது சதவீதம் மெதுவானது. இன்று இரண்டு. "ரெண்டை அண்ணாச்சி தாங்கிக்கிடுவாரு" என்கிறார். எனக்கு வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. டெஸ்டர் என்ற சொல் அதில் இல்லை.

ஜனவரி 22, 2007

முத்து வெளியே போயிற்று. முதல் ஆபீஸ் ராயபுரம் தாவூது பாயுடையது. சர்க்கரை போட்ட எலுமிச்சை டீ கொடுத்தார்.

மார்ச் 6

காலை பத்து மணிக்கு தாவூது பாய் போன். "இன்னாம்மா உங்க முத்து? சரக்கு ரேட்டு பாக்குற சைட்டைத் தொறந்தா பட்டுனு மூடிக்குது. காலைலேர்ந்து ஒரே பேஜாரு."

பதினொன்றுக்குள் அதே புகார் ஒன்பது ஆபீஸிலிருந்து. மதியத்துக்குள் இருபத்தாறு. ஜெபசிங் சார் முகம் வெளுத்துவிட்டது. நாம் சேர்த்ததில்தான் ஏதோ தப்பு என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

அந்தப் பக்கத்தை இறக்கிப் பிரித்தேன். அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துண்டு. அந்த சைட்டுக்குள் யாரோ புகுந்து செருகியிருக்கிறார்கள். ஒரு படத்தை அழித்து, அதன் இடத்தில் ஆயிரக்கணக்கான சொற்களை இறக்குகிறது. நான் செய்த அதே வேலை. ஆனால் இது நான் கண்டுபிடித்த ஐந்தில் எதுவும் இல்லை. எனக்குத் தெரியாத ஓட்டை.

முத்து செத்த முகவரியை எடுத்தேன்.

எங்கேயும் போகாத அந்த எண். நான் போட்ட எண்.

இருபத்தாறு ஆபீஸிலும் அதேதான். உள்ளே வரப் பார்த்தார்கள், முட்டிக்கொண்டார்கள், முத்து மூடிக்கொண்டது. ஒரு மெஷினில்கூட ஒரு கோப்புகூட மாறவில்லை. தாவூது பாய்க்கு மேல்மாடியில் வேறு பிரவுசர் வைத்திருந்த ஆபீஸில் பாஸ்வேர்டெல்லாம் போய்விட்டதாம்.

ஜெபசிங் சார் மாடிப்படியில் போய் உட்கார்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அண்ணாச்சி இருபத்தாறு பேருக்கும் தானே போன் போட்டார். "அது மூடிக்கிட்டதாலதான்வே தப்பிச்சிய. எங்க பிள்ள செஞ்ச வேலை."

எங்க பிள்ளையாம். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஜெயிச்சிட்டேன். இங்கயாவது எழுதிக்கிறேன். ஜெயிச்சிட்டேன்.

மே 2

எங்கள் தனியிட ஏற்பாட்டை அந்த வெளிநாட்டு ஆட்கள் தங்கள் உள்பாகத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். இனி அதை வைத்துக் கட்டுகிற எல்லா பிரவுசருக்கும் போகும். நன்றி சொல்லும் பட்டியலில்: ரமாபாய் நீலமேகம், சென்னை.

அப்பாவைப் பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனேன். ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். "நீலமேகம்னு போட்டுகீது. எம் பேரு எதுக்கும்மா? வேலை செஞ்சது நீ." பிறகு பக்கத்து மெஷின்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஜூன் 14

காலையில் அந்த வெளிநாட்டு ஆட்களிடமிருந்து ஒரு கடிதம். பன்னிரண்டு வருஷமாக அந்த உள்பாகத்துக்கு எழுதிவரும் ஒருவர் புதுப் பகுதி ஒன்று அனுப்பியிருக்கிறார். மெமரி சம்பந்தப்பட்டது, நீங்கள் பார்த்துச் சரி என்றால்தான் சேர்ப்போம் என்று கேட்டிருந்தார்கள்.

மத்தியானம் வரை படித்தேன். சுத்தமான கை, அழகாக எழுதுகிறார். ஆனால் நாற்பத்தோராவது வரி சரியில்லை. இரண்டு முறை பார்த்தேன், ஜெபசிங் சாரையும் பார்க்கச் சொன்னேன். "நீயே எழுதி அனுப்பு" என்றார்.

எழுதினேன்: இப்போது சேர்க்க வேண்டாம். 41-வது வரி. காரணம் கீழே.

ஒரு மணி நேரத்தில் அவரிடமிருந்தே பதில் வந்தது. நன்றி, திருத்தி அனுப்புகிறேன் என்று.

பிறகு சாப்பிடப் போனோம். ஜெபசிங் சார் வீட்டிலிருந்து மீன் குழம்பு கொண்டுவந்திருந்தார்.